ஒரே பானைச் சோறு

இந்தக் காலத்து ஆட்கள் கதைக்க வரும்போதே தாளும் பேனையுமாகத்தான் வருகிறார்கள். சலாம் சொல்லி, என்ன பாடு என்று கேட்டு, ஒரு வாய் வெற்றிலை போடுகிற பழக்கமெல்லாம் போய்விட்டது. ஆதம்பாவாவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

துறைமுகக் கரையில் அவர் கட்டிய கல்வீட்டை மூத்த மகள் றுக்கியாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, ஊர் வழக்கப்படி பின்வளவில் ஓலைக்குடிசை போட்டு, இளையவள் பல்கீஸோடு ஒதுங்கியிருந்தார். அடுப்பு வேறு, சோறு வேறு. பல்கீஸுக்கும் ஒரு வீடு இருந்தால்தான் அவள் கலியாணம் முடியும்.

எழுபத்தாறாம் ஆண்டு, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கமலேஸ்வரி, கரையில் எத்தனை குடும்பம் என்று வீடுவீடாகக் கேட்டாள்.

"நான் அரசாங்க ஆள் இல்லை, ஐயா."

"அரசாங்கம் இல்லாட்டி என்ட அடுப்பை ஏன் புள்ள எண்ணுறாய்?"

குடிசைக்கு அனுமதி இல்லை. உடைப்பதற்குத்தான் கேட்கிறாள் என்று பட்டது. பல்கீஸை அக்காவின் குசினிக்குள் போய் அடுப்படியில் நிற்கச் சொன்னார்.

"எல்லாரும் ஒரு குடும்பம். ஒரே பானைச் சோறு. குடிசைக்குள்ள வலைதான் கிடக்கு."

இரண்டு வருஷத்தில் துறைமுகத்தைப் பெரிதாக்கவென்று கரையைக் காலியாக்கினார்கள். அரசாங்கக் கந்தோர்க்காரர் எல்லாரையும் வெறுங்கையோடு அனுப்பத்தான் இருந்தார்கள். கமலேஸ்வரியின் அறிக்கையைப் படித்த பிறகுதான் குடும்பத்துக்கு ஒரு வீடு என்று முடிவாயிற்று. பட்டியலில் றுக்கியாவின் புருஷன் பெயர் இருந்தது. ஆதம்பாவாவும் பல்கீஸும் அதன் கீழே, கூட இருப்பவர்கள்.

பல்கீஸைக் கேட்டிருந்த முஹம்மது தம்பி வீட்டார், சீதனவீடு இல்லையென்றதும் கிண்ணியாவில் பெண் எடுத்தார்கள். பல்கீஸ் அழவில்லை. அக்கா பிள்ளைகளின் உடுப்பைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

புதுவீடுகளைப் பார்க்கக் கமலேஸ்வரி மறுபடி வந்தாள்.

"உன்ட எழுத்தாலதான் என்ட புள்ள இப்பிடி நிக்கிறாள்."

"நீங்கள் சொன்னதைத்தானே ஐயா எழுதினனான்."

"ரெண்டு அடுப்புப் புகைஞ்சதே, கண் தெரியல்லையா?"

"தெரிஞ்சது." அவள் தலை தாழ்ந்தது. "உங்களைப் பொய்யனாக்க மனம் வரேல்லை. இப்பவும் திருத்தி அனுப்பலாம். எத்தனை குடும்பம்? நீங்கள்தான் சொல்லவேணும்."

"ரெண்டெண்டு சொல்லுங்க வாப்பா," என்றாள் பல்கீஸ், கை ஈரத்தோடு வாசலில் நின்று.

ஆதம்பாவா கமலேஸ்வரியின் கையிலிருந்த தாளையே பார்த்தார். முதல் சொன்னது பொய் என்று கந்தோரில் தெரிந்தால், றுக்கியாவின் வீடும் போய்விடாதா?

"ஒருக்காச் சொல்லி இது கிடைச்சிது. இன்னொருக்காச் சொன்னா இருக்கிறதையும் பறிப்பீங்க. எனக்கு ஏலாது."

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பல்கீஸ் இன்னொரு முறை கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.