சொல்வதை எழுதுபவர்

சௌமியா சொல்லி முடிக்கும் முன்பே நான் எழுதிவிடுவேன். அதுதான் நான் செய்த தப்பு.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு விரல்கள் இறுகிக்கொள்ளும், பேனா நிற்காது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அரசு உயர்நிலைப்பள்ளியில் நான் தமிழாசிரியர். சொந்த ஊர் ராமநாதபுரம். சாயங்காலம் அறைக்குப் போனால் பேச ஆள் கிடையாது. அதனால் பள்ளி விட்ட பிறகும் அவளோடு உட்காருவேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுடைய தமிழ்த் தேர்வு எல்லாம் அவள் சொல்ல நான் எழுதியதுதான். பாதிச் சொல் வந்தாலே மீதி வரி எனக்குத் தெரிந்துவிடும். எண்பதுக்குக் குறையாமல் வாங்கினாள்.

பத்தாம் வகுப்பு, பிப்ரவரி மாதம். எனக்குக் காய்ச்சல். மாதிரித் தேர்வுக்கு அறிவியல் டீச்சர் நிர்மலா எழுத உட்கார்ந்தார். நான் திரும்பி வந்ததும் தாளை நீட்டினார். நாலு வரிதான் இருந்தது.

"அந்தப் புள்ள சொல்றது ஒண்ணும் புரியில சார். உங்களுக்கு மட்டும் எப்பிடிப் புரியுது?"

பொதுத்தேர்வில் தமிழ்த் தாளைத் தமிழாசிரியர் எழுதக்கூடாது. முன்பின் தெரியாத ஒருவர்தான் வருவார். ஆறு வாரம் இருந்தது.

அன்றே நான் விலகிக்கொண்டேன். தினம் ஒரு புது ஆளை எழுத உட்கார வைத்தேன். சௌமியா இரண்டு நாள் அழுதாள். அவள் அம்மா மாதேஸ்வரி பள்ளிக்கே வந்துவிட்டாள்.

"நீங்களே எழுதுனா ஆவாதா சார்? புள்ள சோறே துன்னல."

"பரீட்சை ஹாலுக்குள்ள என்னைய விடமாட்டாங்கம்மா."

கணக்கு சார் எழுதினார், கிளார்க் எழுதினார். எதுவும் தேறவில்லை. ஒருநாள் யாரும் கிடைக்காமல் சத்துணவு சமைக்கும் பாப்பம்மாவைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, நான் எழுதறது எறும்பு ஊர்ற மாரி இருக்கும். நீ அவசரப்பட்டா எந்திரிச்சிப் போயிருவேன்" என்றார் பாப்பம்மா.

வேறு வழியில்லாமல் சௌமியா ஒவ்வொரு சொல்லாக நிறுத்தினாள். பாப்பம்மா எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார். தப்பென்றால் தலையாட்டினாள். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் வந்தது. அதன்பிறகு தினமும் பாப்பம்மாதான்.

தேர்வன்று எழுத வந்தவர் பெயர் அண்ணாதுரை, சிங்காரப்பேட்டைக்காரர். ஒன்றேகாலுக்கு மற்ற பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் உண்டு. நானும் மாதேஸ்வரியும் எதிரே டீக்கடையில் ஒன்றும் குடிக்காமல் நின்றோம்.

இரண்டேகாலுக்கு அண்ணாதுரை வலது கையை உதறிக்கொண்டே வந்தார்.

"தமிழ் சார் நீங்களா?"

"ஆமாங்க."

"மொதல்ல பயந்துட்டேன். அப்பறம் பாத்தா வார்த்த வார்த்தையா நிறுத்தி சொல்லுது. ஒரு எடத்துல நானா வரிய முடிச்சிட்டேன். உடமாட்டேன்னு அந்த வரிய அடிச்சிட்டு மறுபடி எழுத வெச்சிருச்சு."

மாதேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னாலேயே சௌமியா சுவரைப் பிடித்து நடந்து வந்தாள்.

"எல்லாத்துக்கும் சொன்னியா?" என்றேன்.

"ம். கட்டுரை... நீங்க குடுத்தது... இல்ல சார். நானா... சொன்னேன்."

"சரி."

நாலு டீ சொன்னேன். அண்ணாதுரை டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டார்.