ஒன்றாம் நம்பர் புள்ளி

வெற்றிச்செல்வியின் வலது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்காது. பேனா பிடித்தால் சுருக்கென்று வலிக்கும். வலிக்கட்டும் என்றே இருந்தாள். வலித்தால்தானே மறக்காது!

அரியலூரில் ஓர் ஆராய்ச்சி ஆபீஸில் அவளுக்கு வேலை. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற தூசியை அளந்து, ஸ்மார்ட் சிட்டிக்குத் திட்டம் போட்டார்கள். நாற்பது பேர் ஆளுக்கொரு தூசிக் கருவியோடு ஊரெல்லாம் போவார்கள், வருவார்கள். யார் எப்போது எங்கே இருக்கிறார் என்று கருவி பதிந்துகொண்டே இருக்கும். திரையில் அது ஒரு புள்ளியாக நகரும். பேர் கிடையாது, நம்பர்தான். அந்தப் பதிவுகளைக் கட்டிக்காப்பது வெற்றிச்செல்வியின் பொறுப்பு. அவளும் ஒரு கருவி சுமந்தாள், பதினேழாம் நம்பர்.

ஒன்றாம் நம்பர் தலைமை ஆராய்ச்சியாளர் சரத்குமாருடையது. பேப்பரில் போட்டோ வர வேண்டுமென்று முதல் கருவியைத் தன் காரிலேயே மாட்டிக்கொண்ட மகராசன். போட்டோ வந்தது. அதோடு கருவியை மறந்தும் போனார்.

அடித்தே கொல்கிற லாரிக்காரப் புருஷன் சாமிதுரையை விட்டு ஓடிவந்து, திருமழபாடியில் யாருக்கும் தெரியாமல் குடியிருந்தாள் வெற்றிச்செல்வி. இரண்டு வருஷம் நிம்மதியாகப் போனது. போன தை மாதம் ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள், எதிரே சாமிதுரை நிற்கிறான். தெருவே பார்க்க அடித்தான். கையை முறுக்கி ஒடித்தான். ஒடிக்கும்போது பெருமை வேறு.

"எங்க போயி ஒளிஞ்சாலும் உடுவேனாடி? ஒங்க சாரே கம்ப்யூட்டரத் தொறந்து காட்டுனாருடி!"

கட்டுப் போட்ட கையோடு சரத்குமாரிடம் போய்க் கேட்டாள்.

"நானா? அந்த ஆள நான் கண்ணால கூடப் பாத்ததில்லம்மா," என்றவர், குரலை இறக்கிக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். சேந்து வாழப் பாரு."

அடப்பாவி! குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியம் வேண்டுமாம் அவருக்கு. அந்தப் புண்ணியத்தில் கொள்ளி வைக்க! வழக்கு சாமிதுரையோடு நின்றது. காட்டிக்கொடுத்தவர் பேர் எதிலும் வரவில்லை.

அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். கை ஒடிந்ததற்கு முதல் நாள், ஒன்றாம் நம்பர் புள்ளி சாமிதுரையின் லாரி ஷெட்டில் ஐம்பது நிமிஷம் நின்றிருந்தது. ஆனால் ஒருத்தர் பதிவை எடுத்து வெளியில் காட்டினால் சரத்குமாரும் அவளும் ஒன்று. அவள் வேலை போகும், அவர் தப்பித்துவிடுவார். மூடிவைத்துவிட்டு யோசித்தாள்.

கருவி சுமப்பவர்கள் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதியவளே அவள்தான். ஒன்பதாவது வரி அவளுக்கு மனப்பாடம்: 'விலகுவதாக எழுதிக் கொடுத்தால், அன்றே என் பதிவுகள் முழுவதையும் அழிக்க வேண்டும்.' சரத்குமார் படிக்காமலே ஒப்புக்கொண்ட படிவம் அது.

லீவு நாளெல்லாம் பஸ் ஏறினாள். ஏலாக்குறிச்சியில் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு மெழுகுவத்தி விற்கிற ரெங்கம்மாளிடம், அவருடைய புள்ளியையே காட்டினாள்.

"பேரு போடலன்னியேம்மா?" என்றார் ரெங்கம்மாள்.

"பேரு இல்லதாங்க. காலையில ஆறே காலு பஸ்ஸுல ஏறி, கோயில் வாசல்ல எறங்குது, சாயங்காலம் வரைக்கும் அங்கயே நிக்கிது. யாருங்க இது?"

"வேற யாரு, நாந்தான்!"

"பஸ் நேரம் தெரிஞ்சவனுக்குப் பேரு எதுக்குங்க? என்னையும் அப்படித்தான் புடிச்சான்."

ரெங்கம்மாள் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். "நாசமாப் போறவனுவ. எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."

பெரம்பலூரில் ஆய்வுக் கூட்டம் நடக்கிற தேதியைப் போட்டு, முப்பத்தெட்டுக் கடிதம் வாங்கினாள். தன்னுடையது முப்பத்தொன்பதாவது.

கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து வந்த ஆய்வுக்குழுத் தலைவி ஹேமலதா தலையாட்டிவிட்டால், அடுத்த வருஷம் பத்து ஊரில் நாலாயிரம் பேர் கருவி சுமப்பார்கள். சரத்குமார் புதுச் சட்டையில் மினுமினுத்தார்.

"தை மாசம்தான் தூசி உச்சம், மேடம். பாருங்க, நாப்பது புள்ளி. யாரு எவருன்னு அந்த ஆண்டவனாலயும் கண்டுபிடிக்க முடியாது!"

வெற்றிச்செல்வி எழுந்து போய்க் கடிதக் கட்டை மேசையில் வைத்தாள். ஹேமலதா படிவத்தை வாங்கி ஒன்பதாவது வரியை இரண்டு தரம் படித்தார்.

"இன்னைக்கே அழிக்கணும்னு இருக்கே. அழிச்சிடுங்க."

"மேடம், மூணு வருஷ உழைப்பு!" சரத்குமாருக்கு வேர்த்துவிட்டது. பிறகு அவளிடம் மெதுவாக, "காப்புப் பிரதி இருக்குல்ல?"

"அதுவும் சேத்துத்தாங்க சார்."

பட்டனை ஒரே தட்டுத் தட்டி எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். அழிப்பாளா? கோணல் கையாலேயே ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியாகப் பதினேழு போனது.

காலித் திரையில், போன தை மாதப் பதிவில் மிச்சமிருந்த ஒரே ஒரு புள்ளி ஊர்ந்தது. அரியலூர் ஆபீஸில் கிளம்பி, செந்துறை ரோட்டில் திரும்பி, ஒரு லாரி ஷெட்டில் போய் நின்றது. அங்கேயே படத்தை நிறுத்தினாள்.

"இது யாரோடது?" என்றார் ஹேமலதா.

"சொல்லக் கூடாதுங்க மேடம். ஷெட்டு மட்டும் யாருதுன்னு சொல்றேன். என் கைய ஒடிச்ச புருஷனோடது. அவன் ஒடிச்சதுக்கு மொத நாளுதான் இது."

ஹேமலதா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"அதையும் அழி!" என்று கத்தினார் சரத்குமார். "என்னோடதையும் அழிம்மா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"தாராளமா அழிச்சிடறேன் சார்." வெற்றிச்செல்வி ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினாள். "ஒன்னாம் நம்பர் என்னோடதுதான்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பேனாவையும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை எடுக்கவும் இல்லை.