புதன்கிழமை முதலிடம்

எங்கள் ஊரில் மூன்று வானொலி நிலையங்கள். பதினோரு வருடமாகக் காலை ஆறு மணிக்கு நான் தொண்டை கிழியப் பேசும் நிலையம் மூன்றாவது இடத்தில் இருந்தது. இந்த முறையும் கடைசி என்றால் என் நிகழ்ச்சிக்கு மூடுவிழா, வெறும் பாட்டு ஓடினால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கோ வேறு வேலை தெரியாது.

இடத்தைத் தீர்மானிப்பது ஒரு நோட்டு. கணக்கெடுக்கும் கம்பெனி நூறு வீடுகளில் அதைக் கொடுக்கும். எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டோம் என்று ஒரு வாரம் எழுத வேண்டும். வானொலிக்காரர் குடும்பத்துக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் ஒரு சனிக்கிழமை அண்ணியின் கையில் அதைப் பார்த்ததும் திடுக்கிட்டேன்.

"ரேடியோல வேலை செய்றவங்க இருக்காங்களான்னு கேக்கலையா அண்ணி?"

"கேட்டாங்க. இந்த வீட்டுல இல்லைன்னேன். நீதான் வேற வீட்டுல இருக்கியே?"

புரட்டினேன். ஏழு நாளும் என் நிகழ்ச்சிதான். ஞாயிறு இன்னும் வரவே இல்லை, அதையும் எழுதி முடித்திருந்தார்.

"நிஜமா கேட்டீங்களா?"

"உன் குரலைத்தான் நேர்லயே கேக்குறோமே, ரேடியோல வேறயா? நான் கேக்குறது அந்த இன்னொரு ஸ்டேஷன். மாமியாரும் மருமகளும் சண்டை போடுவாங்களே, அது."

புதன்கிழமைப் பக்கத்தில் கண் நின்றது. அன்றைக்கு எங்கள் டிரான்ஸ்மிட்டர் புகைந்து, நாள் முழுக்க நிலையம் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். நூறில் ஒரு நோட்டுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த மாதம் முதலிடம் வந்தோம். வெளியூரிலிருந்து முதலாளி கேக்கோடு வந்தார். சுவரில் நேயர் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடம். செவ்வாய் வரை படுத்துக் கிடந்த கோடு புதனன்று ஜிவ்வென்று ஏறியிருந்தது. இன்ஜினியர் இருமினார். விளம்பரப் பிரிவுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"அன்னிக்கு ஸ்டேஷன் படுத்துடுச்சு, பாத்து சேர்த்து எழுதுன்னு என் மச்சான்கிட்ட சொன்னேன். எல்லாரும் சொல்லியிருக்கானுங்க போல."

சீ என்று வந்தது. நான் மட்டும் என்ன யோக்கியம்?

"புதன்கிழமை காலைல அப்படி என்னம்மா பண்ணீங்க?" என்றார் முதலாளி. டிரான்ஸ்மிட்டர் விஷயம் பற்றி அவரிடம் யாரும் மூச்சு விட்டிருக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"வழக்கம்போலதான் சார். கொஞ்சம் கம்மியா பேசினேன்."

"பிரமாதம்! இனிமே தினமும் அப்படியே பண்ணுங்க!"

கேக் துண்டை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். விழுங்கினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு மைக்கைத் திறந்தேன். 'அன்பு நேயர்களே' என்று ஆரம்பிக்க வேண்டும். சொந்தக்காரர்களைக் கழித்துவிட்டால் யார் மிச்சம் என்று தெரியவில்லை. பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.