துப்பாக்கி நிற்கும் இடம்

பள்ளிக்கூடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று ரப்பர் தோட்டம் முழுக்கப் பேச்சு. என் வகுப்பறை வாசலில் மணல்மூட்டை அடுக்கி, அதன் பின்னால் வீரமுத்துவைத் துப்பாக்கியோடு உட்கார வைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம். அவர் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். மலாயாவில் அவசரகாலம் வந்த பிறகு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அவருடைய மகள் மாரியம்மா என்னிடம்தான் படித்தாள்.

போன வாரம் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் நேராகக் காவல் கொட்டகையைச் சுட்டார்கள். ஆட்கள் குடியிருக்கும் லயத்தைத் தொடவில்லை. அவர்களுக்கு வேண்டியது துப்பாக்கி. இது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி விஜயரட்ணம் யாழ்ப்பாணத்தவர், வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த ஆள்.

"பிள்ளைங்க இருக்கிற இடத்திலயா சார் போஸ்ட் போடுவாங்க?"

"மேட்டில இருக்கிற கட்டடம் அதுதானே, பிள்ளை. அங்கயிருந்து பாத்தால் துரை பங்களா ரோட்டு முழுக்கத் தெரியும்."

"அப்ப காவல் பங்களாவுக்கு. பேரு மட்டும் பள்ளிக்கூடத்துக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் படிச்சனீர். இப்பிடிக் கதைக்கக் கூடாது. துரை போட்ட பிளான்."

"துரை பிள்ளைங்க இங்கயா படிக்குதுங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

மறுநாள் காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, முள்வேலிக்குள்ளேயே கீழே இருக்கும் கோயில் கொட்டகைக்கு வந்துவிட்டேன். கரும்பலகையையும் மேசையையும் பெரிய பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். பைப்படியில் ராஜம்மாக்கா துணி கசக்கிக்கொண்டிருந்தார்.

"படிச்ச திமிருலா உனக்கு. காவலுக்கு ஆளு போட்டா வேணாங்கிற."

"உங்க வீட்டு வாசல்ல போடச் சொல்லவாக்கா?"

"ஐயய்யோ, எனக்கு எதுக்குலா?"

"அதேதான்."

பாடம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வீரமுத்துவும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னண்ணே, இங்க?"

"பிள்ளைங்களப் பாத்துக்கன்னு ஆர்டர், டீச்சர். காலிப் பெஞ்சுக்குக் காவல் நிக்கிறேன்னு பயலுங்க சிரிக்கிறானுங்க."

பிள்ளைகளும் சிரித்தார்கள். மாரியம்மா சிரிக்கவில்லை.

"நீங்க நிக்கிற இடத்துக்குத்தாண்ணே குண்டு வரும். முள்வேலிக் கேட்டுக்குப் போங்க."

"கேட்டுல நின்னா கேட்டுக்கு வரும். அது பரவாயில்லயா?"

பஸ் எப்போது வரும் என்று கேட்பது போலக் கேட்டார்.

"இந்த வேலைய விட்டுருங்களேன்."

"விட்டா லயத்தக் காலி பண்ணச் சொல்வான். அப்புறம் மாரி எங்க படிக்கும்?" தோளில் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சத்தம் கேட்டா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

"தரையோட படுக்கணும்னு சொல்லியிருக்கேன்."

"எங்க மாரி படுக்காது டீச்சர். என்னைத் தேடி ஓடியாரும்."

"அத நீங்கதாண்ணே அவகிட்ட சொல்லணும்."

அவர் மகள் முன்னால் குந்தினார். "மாரி, அப்பாவப் பாக்கக் கூடாது. டீச்சரத்தான் பாக்கணும். என்ன?"

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நானும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை.

"கிராணி கேட்டாருன்னா நான் சொல்லிக்கிறேன். கேட்டுலேருந்து பாத்தா இந்தக் கொட்டகை தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கேட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். பிறகு பிரம்பால் மேசையை ஓங்கி அடித்தேன். பிள்ளைகள் எல்லாரும் சட்டென்று சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்தார்கள். மாரியம்மா மட்டும் எழுந்து நின்று கேட்டுப் பக்கம் பார்த்தாள். ஒரு கால் கொட்டகைக்கு வெளியே போய்விட்டது.

அங்கே வீரமுத்துவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நிற்பதைக் கண்டதும் மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அவள் "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை.

மாரியம்மா என்னைப் பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலக் குப்புறப் படுத்தாள்.