இருமல் வழக்கு

தச்சநல்லூரில் வடிவம்மாள் வீட்டுக்கும் நமச்சிவாயம் வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில், மரத்திலிருந்து கழன்ற தேங்காய் ஒன்று தரைக்கு வராமல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பல வருஷம் நின்றது. கோர்ட்டு உத்தரவு அப்படி. சந்து யாருடையது, அதில் நிற்கும் தென்னை யாருடையது, அதன் மட்டை விழுந்துதான் நமச்சிவாயம் வீட்டு சன்ஷேடு உடைந்ததா, இல்லை கட்டின நாளிலிருந்தே அது அந்த லட்சணத்தில்தான் இருந்ததா என்பது நமச்சிவாயம் வடிவம்மாள் மேல் போட்ட வழக்கு. தீர்ப்பு வரும்வரை சந்தில் இருப்பதெல்லாம் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று முன்சீப் சொன்ன நொடியில் அந்தத் தேங்காய் பாதி வழியில் இருந்தது. பாவம், அதற்கு என்ன தெரியும், உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டது. இடத்தைப் பார்த்து வரக் கோர்ட்டு அனுப்பிய வக்கீல் கமிஷனர் டேப் பிடித்து அளந்து, 'முற்றிய தேங்காய் ஒன்று, அந்தரத்தில்' என்று எழுதிக்கொண்டு, வடிவம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

நமச்சிவாயம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்ற கையோடு வழக்குப் போட ஆரம்பித்தார். மகள் கல்யாண ஆல்பத்தில் தன் கண் மூடியிருந்ததற்கு போட்டோக்காரர் மேல் ஒன்று. எதிர்வீட்டுக் கோலப்பொடி காற்றில் பறந்து தன் வேட்டியில் கறை பிடித்ததற்கு ஒன்று. வடிவம்மாளின் கிரைண்டர் அதிர்வில் தன் வீட்டுக் கண்ணாடி பீரோ நாலு விரக்கடை நகர்ந்ததற்கு ஒன்று. எல்லாம் தள்ளுபடி. மனுஷன் அசரவில்லையே! நெற்றி நிறைய திருநீறும் கக்கத்தில் பையுமாக அவர் கோர்ட்டுக்கு பஸ் ஏறும்போது புதுமாப்பிள்ளை தோற்றுப்போவான். வடிவம்மாள் அதற்கு நேர் எதிர். புருஷன் போன பிறகு இட்லி மாவு அரைத்து விற்று, அந்தக் காசில் சுவர் சுவராக எழுப்பிய வீடு அது. கோர்ட்டுப் படி ஏறுவதே மானக்கேடு என்று நினைக்கிறவள். தேங்காய் நின்ற நாளிலிருந்து தன் வக்கீல் பேச்சிராஜிடம் அவள் ஒரே பாட்டுத்தான் பாடினாள். "தம்பி, சந்தும் வேண்டாம், மரமும் வேண்டாம். அவரே வச்சுக்கிட்டு நல்லா இருக்கட்டும். எங்கன கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க." பேச்சிராஜும் கடைசியில் சமாதான மனுவைத் தயார் பண்ணினான்.

இதற்கிடையில் சந்தின் குணம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே கொண்டுபோய் வைத்த எதுவும் வந்த நிலையிலேயே நின்றது. பால் புளிக்கவில்லை, காப்பி ஆறவில்லை, நமச்சிவாயத்தின் மனைவி பிரம்மநாயகி அங்கே துணிக்கொடியில் போட்ட மல்லிகைச் சரம் வாடவில்லை. மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி தெருவுக்குள் வந்து வீடுகளில் இடுப்பளவு ஏறியபோது, சந்தின் இரண்டு முனையிலும் தண்ணீர் கண்ணாடிபோல் நிமிர்ந்து நின்றதே தவிர உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. ஜனங்கள் மொட்டை மாடி வழியாக டிவியையும் ரேஷன் அரிசியையும் அங்கே இறக்கி வைத்தார்கள். வெள்ளம் வடிந்ததும் எடுத்துப் போனார்கள். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அடுத்த சித்திரையில் நமச்சிவாயத்துக்கு இருதயம் வீங்கிவிட்டது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். பிரம்மநாயகி அழுதுகொண்டே வந்தாள். கொடியில் கிடந்த மல்லிகையைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு நார்க்கட்டிலைத் தூக்கிச் சந்தில், தேங்காய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அவரைக் கொண்டு கிடத்தியதும் மூச்சு எந்த அளவில் இருந்ததோ அந்த அளவிலேயே நின்றுகொண்டது. இருமல் இருந்தது, கோபமும் இருந்தது. சாவு மட்டும் வரவில்லை. அன்று சாயங்காலமே அவள் வடிவம்மாளின் புறவாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்குச் சமாதானம் ஆகப் போறியளாமே."

"ஆமா. உம் புருஷன் ஜெயிச்சுட்டாருன்னு போய்ச் சொல்லு."

"ஆயிராதிய அக்கா. கேஸ் முடிஞ்சா உத்தரவு போயிரும். உத்தரவு போச்சுன்னா அவுகளும் போயிருவாக."

"நல்லாருக்கே நாயம்! என் மேல கேஸ் போட்டவரு உசிரோட இருக்க நான் கேஸ் நடத்தணுமாக்கும்?"

பிரம்மநாயகி நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வடிவம்மாளுக்கு நமச்சிவாயத்தைக் கண்டாலே ஆகாது. ஆனால் தன் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இன்னும் ஒரு மாசம் மட்டும் கொடு என்று தான் நெல்லையப்பரிடம் இதேமாதிரி நின்றது அவளுக்கு நினைவு வந்தது. அவள் சமாதான மனுவை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வாய்தா வாங்குவதில் வடிவம்மாளை மிஞ்ச ஆள் இல்லை. தெரியாத ஊரில் சாட்சி இருப்பதாகச் சொன்னாள், பழைய வரைபடம் வேண்டும் என்றாள், கூண்டில் ஏறி மயங்கி விழுந்தாள். ஆனித் தேர் வந்தது, போனது. இரண்டு முன்சீப் மாறினார்கள். நமச்சிவாயத்துக்கோ தலைகால் புரியாத ஆத்திரம். "ஏளா, அந்தப் பொம்பள வேணும்னே இழுத்தடிக்கா பாத்தியா? தோத்துருவோம்னு பயம்!" என்று கட்டிலில் இருந்து கத்துவார். கேஸால்தான் உயிரோடு இருக்கிறீர்கள் என்று பிரம்மநாயகி கெஞ்சிச் சொன்னதற்கு, "சந்துக் காத்து நல்ல காத்து. அதனாலதான் இது நம்ம சந்துன்னு சொல்லுதேன்" என்றார். படுத்த படுக்கையிலேயே, வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மனுவுக்கு மேல் மனுவாக அனுப்பினார். கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பேச்சிராஜ் சிரித்த முகத்தோடு வந்தான். "அக்கா, இனி வாய்தா கிடையாது. அடுத்த வாரம் தீர்ப்பு. அவர்ட்ட ஒரு ஆதாரமும் இல்ல. ஜெயிச்சாச்சு."

வடிவம்மாள் கிரைண்டர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஜெயிச்சுட்டு நாம அப்பீல் போடலாமா தம்பி?"

"ஜெயிச்சவுக எப்படிக்கா அப்பீல் போட? அவருதான் போடணும். அதுக்கு நாளாகும்."

"அவருக்கு ஏதுய்யா நாளு? அப்ப நான் புதுசா ஒரு கேஸ் போடுதேன். அவரு மேலயே."

"என்னத்தைச் சொல்லி?"

அந்த நேரம் பார்த்துச் சந்தில் நமச்சிவாயம் இருமினார். வடிவம்மாள் நிமிர்ந்தாள். "இந்த இருமல்ல என் சுவர் விரிசல் விட்டுட்டுன்னு எழுதுங்க."

பேச்சிராஜ் சுவரைத் தடவிப் பார்த்தான். "விரிசல் எங்கக்கா?"

"வரும்."

தீர்ப்பு நாளன்று விடிந்ததும் அவள் கடப்பாறையோடு சந்தோரச் சுவருக்கு வந்தாள். எந்த வரிசைச் செங்கல் எந்தத் தீபாவளிக்கு விற்ற மாவில் வந்தது என்று அவளுக்குத் தெரியும். வாய்விட்டு அழுதுகொண்டே குத்தினாள். சுவர் ஏற்கவில்லை. உத்தரவு அமலில் இருக்கிறதே, ஒரு கீறல்கூட விழவில்லை. கை கொப்பளித்ததுதான் மிச்சம். முகத்தைக் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட்டுப் படி ஏறுவதையே மானக்கேடாக நினைத்தவள், கையில் பொய் மனுவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வழக்குத் தள்ளுபடி என்று முன்சீப் வாசித்து முடிப்பதற்குள் போன் வந்தது. பிரம்மநாயகி அலறினாள். தேங்காய் விழுந்து சிதறிவிட்டது, மல்லிகை கொடியிலேயே கருகிவிட்டது, நீங்கள் காலையில் குத்தின சுவர் மேலிருந்து கீழ்வரை கை நுழையும் அகலத்துக்குப் பிளந்துவிட்டது, அவுகளுக்கு மூச்சு ஏறி ஏறி இறங்குகிறது அக்கா, சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள். வடிவம்மாள் மனுவை நீட்டுமுன் கோர்ட்டு சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. எல்லோரும் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தூணைப் பிடித்து நின்றுகொண்டு, "இருந்து தொலையும் அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நேரம் இருந்து தொலையும்" என்று முணுமுணுத்தபடி இருந்தாள். முன்சீப் திரும்பி வந்து மனுவை இரண்டு முறை படித்தார்.

"இருமலாலா?"

"பலத்த இருமல், கனம் கோர்ட்டார் அவர்களே" என்றான் பேச்சிராஜ்.

முன்சீப் பெருமூச்சு விட்டார். கமிஷனர் போய்ப் பார்க்கட்டும் என்றார். அதுவரை சந்திலும் சுவரிலும் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்.

நமச்சிவாயத்தின் உயிர் அப்போது தொண்டைக்குழிவரை வந்திருந்தது. அங்கேயே நின்றது. யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டு, பைய உள்ளே இறங்கியது. அவர் கண்ணைத் திறந்தார். அழுதுகொண்டே சிரித்த பிரம்மநாயகி, வடிவம்மாள் அக்கா உங்கள் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்றாள். எத்தனையோ பேர் மேல் வழக்குப் போட்ட மனுஷன் மேல் அதுவரை யாரும் ஒரு வழக்குப் போட்டதில்லை. அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. "என் மேலயா? இருமினதுக்கா? ஏளா, தலகாணிய நிமித்து. பேனாவ எடு. இந்தப் பொம்பளைய லேசுல விடமாட்டேன்!"

கமிஷனர் வந்து அவரை இருமச் சொல்லிக் கேட்டு, விரிசலை அளந்து எழுதிக்கொண்டு போனார். வழக்கு நடக்கிறது. உத்தரவு இருப்பதால் சுவரைப் பூச முடியாது. அதனால் பிரம்மநாயகி காலையில் தூக்குவாளியை விரிசல் வழியாகவே நீட்டுகிறாள், வடிவம்மாள் மாவை ஊற்றிக் கொடுக்கிறாள். அந்த நேரம் பார்த்து நமச்சிவாயம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "நான் இருமினா உம் சுவர் எப்படிம்மா விரியும்? மனசாட்சி வேண்டாமா?" என்று கத்துகிறார். "எதுனாலும் கோர்ட்டுல வந்து சொல்லும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வடிவம்மாள் கிரைண்டரைப் போடுகிறாள்.