ஆள் இருக்கு

சரிவுப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அளவுக்காரி அதைச் சொல்லுவாள். அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டு பதினான்கு வருஷம் ஆகிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடுதி, கடை, பேருந்து நிலையம் என்று போய், வாசற்படியிலிருந்து கழிவறைக் கைப்பிடி வரை டேப் வைத்து அளப்பது அவள் வேலை. எல்லாம் சட்டப்படி இருந்தால், 'நேரில் கண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் விடுதி உரிமம் புதுப்பிக்க முடியாது. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் பேனாவை மூடிவிடுவாள். தங்கம் நிறுக்கிறவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான் என்று விடுதிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காதுக்கு அது பாராட்டாகவே விழும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு முறை நேரில் காணாமலே கையெழுத்துப் போட்டாள். சொந்த அண்ணனின் விடுதிக்கு.

அவள் அப்போது வேறு ஊரில் ஒரு மாத வேலையில் இருந்தாள். அண்ணனுக்கோ உரிமத் தேதி நெருங்கிவிட்டது. நீ எதுக்குப் பாப்பா அலையற, நானே அளந்து போட்டோ அனுப்புறேன் என்றான். அனுப்பவும் செய்தான். சாம்பல் வண்ணம் பூசி, ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட சரிவுப் பாதை ஒன்று. குளியலறைக் கதவு என்று இன்னொன்று. டேப் தொண்ணூறு சென்டிமீட்டர் காட்டியது, சட்டம் கேட்கிற அகலம். பத்து வருஷம் அவளை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் அவன். மழையோ வெயிலோ, ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவனையே அளப்பதா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்குக் கையே ஆடிவிட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். தையல் நூல் விற்பவள், ஊர் ஊராகப் போகிறவள், அவளும் சக்கர நாற்காலிக்காரி. திட்டியிருந்தால் அளவுக்காரி தாங்கியிருப்பாள். அந்தப் பெண் நிதானமாகத்தான் பேசினாள்.

"உங்க கையெழுத்து இருக்குன்னுதான் அங்க ரூம் போட்டேன். மத்தவங்க போட்டா நம்ப மாட்டேன். வாசல்ல மூணு படி. உள்ள போக வழி எங்கன்னு கேட்டேன். ஆள் இருக்குன்னாங்க. ரெண்டு பேர் வந்து தூக்கினாங்க. ஒருத்தன் எங்க பிடிச்சான்னு நான் சொல்ல வேண்டாம். பாத்ரூம் கதவுக்குள்ள வண்டி நுழையல. அதுக்கும் ஆள் இருக்குன்னாங்க. ரெண்டு நாள் தண்ணியே குடிக்காம இருந்துட்டு வந்துட்டேன்."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் காதில் இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் டாக்ஸி பிடித்து அண்ணனின் விடுதிக்குப் போனாள். அந்தப் பெண் சொன்னபடியே மூன்று படி. போட்டோவில் இருந்த சரிவைக் காணோம். டேப்பை எடுப்பதற்குள் அண்ணன் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தான். "வா பாப்பா, சொல்லாமக்கொள்ளாம வந்து நிக்கிற?" என்று கேட்டபடியே, காவலாளியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, நாற்காலியோடு அவளைத் தூக்கி வரவேற்பறையில் வைத்துவிட்டான். தூக்கட்டுமா என்று கேட்கவில்லை. அவன் என்றைக்கும் கேட்டதில்லை. அவளும் பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நூல்காரி தங்கிய அறைக்குப் போய்க் குளியலறைக் கதவை அளந்தாள். ஐம்பத்தெட்டு. தன் போனில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். படத்திலிருந்த கதவில் தாழ்ப்பாளுக்கு அருகே கை அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்திருந்தது. இந்தக் கதவில் ஒரு கீறல்கூட இல்லை. கீழ்த்தளத்தில் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனாள். அண்ணன் பின்னாலேயே வந்தான். முதலில் டீ சாப்பிடலாம் என்றான், பிறகு வெயிலைப் பற்றிப் பேசினான், கடைசியில் பேச்சே இல்லை.

வண்ணம் பெயர்ந்த கதவு நடையின் கோடியில் இருந்தது. சலவை அறை. அளந்தாள். தொண்ணூறு, சுத்தமாக. உள்ளே சுவரோரம் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அடுக்கிய அலமாரி. அதன் பலகைகள் சாம்பல் வண்ணத்தில் இருந்தன. ஒவ்வொரு பலகையிலும் மஞ்சள் கோட்டில் ஒரு துண்டு.

போட்டோவுக்காகச் செய்த சரிவை அறுத்து அலமாரி ஆக்கியிருந்தான். மரத்தை வீணாக்கவில்லை, தங்கையைத்தான் வீணாக்கியிருந்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊர் சிரிக்கப்போவது அவனைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்துத்தான்.

"நிஜமான சரிவு வெச்சா வாசல் முழுக்க அடைச்சுக்கும் பாப்பா," என்றான் அண்ணன். "வருஷத்துக்கு நாலு பேர் வர்றதுக்காகவா? ஆள் இருக்கு, தூக்குறாங்க. இதுல என்ன குறை? பத்து வருஷம் உன்னத் தூக்கினேனே. ஒரு நாள் கீழ போட்டிருக்கேனா?"

இதில் அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெறும் ஏமாற்றுக்காரனாக மட்டும் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு போய்விடலாம்.

"அந்தப் பத்து வருஷமும் நான் காலையில தண்ணி குடிச்சதே இல்லண்ணா," என்றாள். "பள்ளிக்கூடத்துல அவசரம்னா உன்னத்தான் கூப்பிடணும். நீ உன் சிநேகிதங்க முன்னாடி எழுந்து வரணும். உனக்குத் தெரிய வேண்டாம்னு இருந்தேன்."

அண்ணன் சலவை அறை வாசலிலேயே நின்றான்.

அவள் வரவேற்பறைக்கு வந்து உரிம அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பெயரையும், கையெழுத்துப் போட உரிமை தரும் தன் பதிவு எண்ணையும் சொன்னாள். இந்த விடுதிக்குத் தான் போட்ட கையெழுத்து பொய், நேரில் காணாமல் போட்டது என்றாள். அப்படியானால் உங்கள் பதிவும் போய்விடும், தெரியுமா என்று அந்தப் பக்கம் ஒரு பெண் கேட்டாள். தெரியும் என்றாள். உடனே ஆய்வாளரை அனுப்புங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

அதற்குள் அண்ணன் பின்னால் வந்திருந்தான். "சரி, வா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்," என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக் காவலாளிக்குக் கண் காட்டினான். அவள் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள்.

"தொடாத அண்ணா."

ஆய்வாளர் வர மாலையாகிவிடும், அதுவரை ஏன் அங்கே காத்திருக்க வேண்டும், வெளியே வந்துவிடக் கூடாதா என்று இன்னும் போனில் இருந்த அலுவலகப் பெண் கேட்டாள்.

"வழி இல்லீங்க," என்றாள் அளவுக்காரி. "ஆள்தான் இருக்கு."

வரவேற்பில் இருந்த பெண் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். அளவுக்காரிக்கு நாக்கு வறண்டிருந்தது. தம்ளரை எடுத்தாள், மாலைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அப்படியே திருப்பி வைத்துவிட்டாள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.