கிருபாராணி சொன்னது

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், மனித மூளையின் மாபெரும் ரகசியம் ஒசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில், இட்லி தீர்ந்து உப்புமா வருவதற்குள் அவிழ்க்கப்பட்டது. பேனரில் 'தூக்கமே செல்வம்' என்று போட்டிருந்தது. அதைக் கேட்க, நைட் ஷிஃப்ட் முடித்த அத்தனை பேரையும் வீட்டுக்கு விடாமல் உட்காரவைத்திருந்தார் எச்.ஆர். மேனேஜர் விமல்ராஜ்.

"தூங்குங்கடான்னு சொல்றதுக்கு நம்ம தூக்கத்தக் கெடுக்கறாங்க பாருண்ணா," என்று ஆபரேட்டர் பென்சனின் காதைக் கடித்தான் பக்கத்து மெஷின் திம்மராயன்.

பெங்களூரிலிருந்து வந்த நிபுணர் திரையில் ஒரு மூளையைக் காட்டினார். பார்த்தது, கேட்டது எல்லாம் முதலில் தற்காலிகமாகத்தான் கிடக்குமாம். தூங்கும்போதுதான் மூளை அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து நிலையாகப் பதிக்குமாம். தூங்காவிட்டால் பல விஷயங்கள் பதியாமலே போகலாமாம்.

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பென்சன் வாயை மூடினான்.

போன தவக்காலத்தில், நைட் முடிந்து வீடு வந்தவனிடம், படுத்த படுக்கையாயிருந்த மனைவி கிருபாராணி, மகள் லிபியாவைப் பற்றி ஏதோ சொன்னாள். இவனும் "சரி" என்றான். மத்தியானம் அவள் போய்விட்டாள். ராயக்கோட்டையிலிருந்து சொந்தம் வந்து இறங்கியது. விடிய விடிய ஜெபமாலை, அடக்கம், வந்தவர்களுக்குக் காபி. தலை சாய்க்க முடியவில்லை. கடைசியில் தூங்கி எழுந்தபோது அவள் உதடு அசைந்தது ஞாபகமிருந்தது, என்ன சொன்னாள் என்பது ஞாபகமில்லை. தான் சொன்ன "சரி" மட்டும் அட்சரம் பிசகாமல் இருந்தது.

பென்சன் எழுந்தான். "சார், அன்னிக்கி தூங்காம வுட்டுட்டா... அப்பறமா நல்லாத் தூங்குனா திரும்பி வருங்களா?"

"அருமையான கேள்வி!" என்று விமல்ராஜ் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நிபுணர் மட்டும் தட்டவில்லை.

"பதியாமப் போயிருந்தா, போனதுதாங்க," என்றார் மெதுவாக.

வீட்டில் லிபியா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்விதான்.

"ப்பா, அம்மா என்னப் பத்தி என்னமோ சொல்லுச்சுன்னியே, ஞாபகம் வந்துச்சா?"

இத்தனை நாளும் "வரும் பாப்பா" என்று சொல்லிவந்தவன், செருப்பைக் கழற்றியபடியே, "வந்துச்சு," என்றான். "உன்ன நல்லாப் படிக்கச் சொல்லுச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை மாட்டினாள்.

கிருபாராணி தன் வாழ்நாளில் யாரையும் படிக்கச் சொன்னதில்லை.